சுற்றுலாப் பொறுப்பாசிரியை

ஜனவரி 5, திங்கள்

மருந்துக் கடைக்காரர் கொடுத்த புது டைரி. முதல் பக்கத்திலேயே விசாரணை. பெயர்: சண்முகவடிவு. வேலை: கணக்கு டீச்சர். ஊர்: கோவில்பட்டி. அவசரத்துக்கு யாரை அழைக்க என்று ஒரு கட்டம். அவர் பெயரை எழுதினேன், கோமதிநாயகம், கணவர். ஆனால் எங்கள் வீட்டில் அவசரம் என்றால் அவர்தான் என்னை அழைப்பார். மகள் ஆவுடைக்கு இருபத்து மூன்று வயது. பேச்சு கிடையாது. பிடித்துக்கொண்டால் நடப்பாள். சோறு ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து விரிப்பு மாற்ற வேண்டும். வலிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பகலில் அவர் பார்க்கிறார். அதற்காகவே மில் வேலையை விட்டார். மற்ற நேரம் எல்லாம் நான்.

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. பிரேயர் முடிந்ததும் எச்.எம். ஞானசௌந்தரி அம்மா ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்புக் கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி வந்துவிட்டதாம். வழக்கம்போல் தஞ்சாவூர், கல்லணை, திருச்சி. மூன்று நாள், நாற்பத்தாறு பிள்ளைகள். விளையாட்டு டீச்சர் எப்படியும் போவார், அது அவர் தலையெழுத்து. கூட இன்னொரு டீச்சர் வேண்டும் என்றார்.

உடனே எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. தமிழ் டீச்சர் பாக்கியத்தாய் முழங்காலைத் தடவ ஆரம்பித்தார். இன்னொருத்தி பீரோவுக்குள் தலையை விட்டாள்.

“சரி, வழக்கம்போல சீட்டு குலுக்கிருவோம். வடிவு டீச்சர், நீங்களே எழுதிருங்க” என்றார் எச்.எம்.

சீட்டு எழுதுவது எப்போதும் நான்தான். கணக்கு டீச்சர் என்றால் காகிதத்தைச் சமமாக வெட்டுவாள் என்று ஒரு நம்பிக்கை. ஒன்பது டீச்சர், ஒன்பது சீட்டு. ஏழு வருஷம் குலுக்கியதில் ஆறு தடவை என் பெயர்தான் வந்திருக்கிறது. எனக்கு ஏழரை நாட்டுச் சனி விட்டபாடில்லை என்று பாக்கியத்தாய் சொல்வார். என்ன செய்ய, நான் வாங்கி வந்த வரம்.

ஜனவரி 6, செவ்வாய்

சீட்டு வெட்டினேன். வரும் வழியில் செருப்பு வாங்கினேன். பழைய செருப்பு அறுந்துவிடவில்லை, அறுந்துவிடும் போலிருந்தது.

அவர் பார்த்துவிட்டு, “இந்த வருஷமும் உன் தலையில கட்டிரப் போறாங்க பாரு” என்றார்.

“எல்லாம் கடவுள் விட்ட வழி” என்றேன்.

ஜனவரி 7, புதன்

மதியம் குலுக்கினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார் எச்.எம். அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டது. என் பெயர். எல்லோரும் ஒரே குரலில் அய்யோ பாவம் என்றார்கள். பாக்கியத்தாய் டீச்சர் என் தோளைத் தட்டி, “உங்க புண்ணியத்துல நாங்க தப்பிச்சோம்” என்றார். எனக்கும் பெருமூச்சு விடத் தெரியும், விட்டேன். அறிவியல் டீச்சர் ஷர்மிளா மட்டும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் அதிகம் பேசமாட்டாள்.

அப்போதே போன் வந்தது. ஆவுடைக்கு வலிப்பு, நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். வீட்டுக்குப் போய், மருந்து ஏற்றி, டாக்டர் வந்து, அவள் கண் விழித்து என் சேலையைப் பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆறு மணிக்குப் பாத்திரம் கழுவும்போது ஞாபகம் வந்தது. டப்பாவை எடுக்காமல் வந்துவிட்டேன். வழக்கமாக மிச்சச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டப்பாவைக் கையோடு கொண்டுவந்துவிடுவேன்.

ஜனவரி 8, வியாழன்

டப்பா எச்.எம். அறை பீரோவில் சுற்றுலா ஃபைலோடு பூட்டிக் கிடக்கிறது. ஆயா சந்தனமாரியிடம் சாவி கேட்டேன்.

“அதுல என்ன டீச்சர் கெடக்கு, காயிதம்தானே?”

“டப்பா எங்க வீட்டு டப்பா. முறுக்கு போட்டு வைக்கணும்.”

“எச்.எம். அம்மா கூட்டத்துக்குப் போயிருக்காக. வந்ததும் எடுத்துத் தாரேன்.”

எச்.எம். வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

சாத்தூரிலிருந்து போன். அவருடைய அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். மூன்று மாசம் நடக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் அந்த மதினிதான் வந்திருந்து ஆவுடையைப் பார்த்துக்கொள்வார். திரும்பி வந்ததும் என்னிடம் ஒரு வாரத்துக்கான குறை சொல்வார், ஆனால் பார்த்துக்கொள்வார்.

அவர் உடனே முடிவு செய்துவிட்டார். “இந்தத் தடவை உன்னால போக முடியாதுல்லா. நான் வந்து உங்க எச்.எம்.ட்ட பேசுதேன். ஒன்பது பேர் இருக்கையில எப்பவும் உன்னையே கழுத்தறுத்தா எப்படி?”

“வேண்டாம். நல்லாயிருக்காது. நானே சொல்லிக்கிடுதேன்.”

“நீ சொல்ல மாட்டே. உனக்கு வாய் கிடையாது.”

எனக்காகக் கோபப்படுகிற மனிதரிடம் என்ன சொல்ல. டப்பா இன்னும் கிடைக்கவில்லை. எச்.எம். சாவியைக் கைப்பையில் வைத்திருக்கிறார்.

ஜனவரி 12, திங்கள்

பெற்றோர் சம்மதக் கடிதம் முப்பத்தெட்டு வந்திருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு அப்பா, மகளுக்குக் கட்டாயம் ஜன்னல் ஓரம் தரவும் என்று எழுதியிருக்கிறார். ஒரு அம்மா, பிள்ளையைத் தண்ணீர், யானை, ஐஸ் மூன்றுக்கும் பக்கத்தில் விட வேண்டாம் என்கிறார். தஞ்சாவூரில் யானையை மறைத்தாலும் மறைக்கலாம், ஐஸ் வண்டியை எங்கே மறைக்க.

முத்துக்கனி கடிதம் வரவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஊர் சுத்தல் என்று அப்பா சொல்லிவிட்டாராம். சொல்லும்போது அவள் அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கே போனேன். அந்த மனிதரிடம் அரை மணி நேரம் பேசினேன். மூன்று நாள், என் பொறுப்பு, என் பக்கத்திலேயே படுக்க வைக்கிறேன் என்றேன். கடைசியில், “நீங்க கூடப் போறதா இருந்தா சரி டீச்சர்” என்று கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவு வம்படியாக நான் ஏன் பேசினேன் என்று தெரியவில்லை. நான் போவேனா என்பதே நிச்சயமில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கும்போது ஆவுடை கைதட்டிச் சிரித்தாள். ராத்திரி ஐந்து தடவை எழுப்பினாள்.

ஜனவரி 19, திங்கள்

டப்பாவைத் திறந்துவிட்டார்கள். இன்று எழுத முடியாது.

ஜனவரி 20, செவ்வாய்

எழுதியே விடுகிறேன்.

நேற்று மூன்றாவது பீரியட். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தேன். சந்தனமாரி வாசலில் வந்து நின்றாள். எச்.எம். கூப்பிடுகிறார் என்றாள். உள்ளே போனால் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. பக்கத்து வீட்டு ராசம்மாவை ஆவுடையிடம் உட்கார வைத்துவிட்டு, எனக்குத் தெரியாமல் வந்திருக்கிறார். மேஜையில் டப்பா, மூடி தனியாக. பக்கத்தில் ஒன்பது சீட்டும் பிரித்து வரிசையாக வைத்திருந்தது. ஒன்பதிலும் சண்முகவடிவு.

“அண்ணாச்சி கேட்டது நியாயமாத்தான் இருந்துச்சு டீச்சர்” என்றார் எச்.எம். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “இன்னொரு தடவை குலுக்கிப் பாருங்கன்னாங்க. சீட்டெல்லாம் இதுலதான் கெடக்கு, உங்க கையாலேயே எடுங்கன்னு நீட்டினேன். மொத சீட்டுல உங்க பேரு. இது அன்னைக்கு விழுந்த சீட்டா இருக்கும்னு தள்ளி வச்சாங்க. ரெண்டாவதும் உங்க பேரு.”

மூன்றாவது சீட்டிலிருந்து யாரும் பேசவில்லை போலிருக்கிறது. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து நேராக அடுக்கியிருக்கிறார்.

“இது என்ன டீச்சர்?”

முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி, இது என்ன, யார் எழுதினது. பதில் சொல்லாமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நேற்று நான் அப்படித்தான் நின்றேன்.

அவர்தான் பேசினார். “அவளுக்கு ராத்திரித் தூக்கமே கிடையாதும்மா. அதான் மூளை தடுமாறுது. மத்தவங்க பேருக்குப் பதிலா தன் பேரையே எழுதிட்டா போல.”

ஒன்பது தடவை யாரும் தடுமாற மாட்டார்கள். அது எச்.எம்.முக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் எச்.எம். தலையை ஆட்டினார். அவர் எழுந்து, “ஆவுடைக்கு மாத்திரை நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

இப்போது உண்மையை எழுதுகிறேன். எனக்கு அந்த மூன்று நாள் வேண்டும். முதல் வருஷம் நிஜமாகவே என் பெயர் விழுந்தது. அழுதுகொண்டுதான் போனேன். தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் படுத்தேன். காலையில் விளையாட்டு டீச்சர் வந்து உலுக்கித்தான் எழுந்தேன். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கியது எப்போது என்று எனக்கு நினைவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து எல்லாச் சீட்டிலும் என் பெயரை எழுதினேன். ஒரே ஒரு வருஷம் மனசு உறுத்தி ஒழுங்காக எழுதினேன். பாக்கியத்தாய்க்கு விழுந்தது. அன்று அவரும் அழுதார், நான் பாத்ரூமில் அழுதேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேண்டாத வேலைக்கு யார் கள்ளச் சீட்டுப் போடுவார்கள்?

அவரிடம் போகட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓட ஆசைப்படுகிறாள் என்று ஆகிவிடும். சீட்டு விழுந்தது என்றால் அது விதி. விதியோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். இந்த டைரியில்கூட வரம் கிரம் என்று எழுதி வைத்திருக்கிறேன், யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆவுடைக்கு நான் ஊட்டினேன். அவர் தனியாகப் போட்டுச் சாப்பிட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 21, புதன்

எச்.எம். எல்லோரையும் கூப்பிட்டார். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பெரிய மனசு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சந்தனமாரி இருக்கிற பள்ளியில் ரகசியம் ஏது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பாக்கியத்தாய் மட்டும் நகர்ந்து இடம் விட்டார்.

“இனிமே சீட்டு வேண்டாம். டூருக்குப் போக இஷ்டப்படுதவங்க யாராச்சும் உண்டா?” என்றார் எச்.எம்.

இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. இஷ்டம் இருக்காது என்றுதானே குலுக்கினோம்.

ஷர்மிளா கையைத் தூக்கினாள். பாதி தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போக வேண்டாம், மானம் மிஞ்சட்டும் என்று ஒரு பக்கம். பிறகு முத்துக்கனி அப்பாவிடம் என் பொறுப்பு என்று சொன்னது ஞாபகம் வந்தது. அது ஒரு சாக்கு, எனக்கே தெரியும். கையைத் தூக்கினேன். ஐம்பத்திரண்டு வயதில், பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி.

எச்.எம். இரண்டு பேரையும் பார்த்தார். “நாப்பத்தாறு பிள்ளைகளுக்கு ரெண்டு டீச்சர் கூடப் போனா ஒண்ணும் அதிகமில்ல” என்றார்.

வராந்தாவில் ஷர்மிளா என்னை நிறுத்தினாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன்.

“மூணு வருஷமா என் பேரு வரணும்னு வேண்டிக்கிட்டு நிப்பேன் டீச்சர். அந்த டப்பாவுல என் பேரே இல்லன்னு நேத்துதான் தெரிஞ்சுது.”

“மன்னிச்சிரும்மா” என்றேன். வேறு என்ன சொல்ல.

“எங்க வீட்ல மாமியார், அவங்க, யாரும் லேசுல விட மாட்டாங்க. சீட்டு விழுந்துட்டுன்னு சொன்னாத்தான் வாயை மூடுவாங்க. இப்பவும் அப்படித்தான் சொல்லப் போறேன். நீங்க யார்ட்டயும் காட்டிக் கொடுத்துராதீங்க.”

ஜனவரி 22, வியாழன்

அவரிடம் சொன்னேன். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். “நானும் போறேன்னு கை தூக்கிட்டேன்.”

“ம்” என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 24, சனி

ஆவுடைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்படிப் பின்னுதன்னு காட்டு.”

காட்டினேன். மில்லில் அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டவர், மூன்று கால் பின்னலில் மாட்டிக்கொண்டு விழித்தார். ஆவுடை தலையை ஆட்டி ஆட்டி அவிழ்த்துவிட்டாள். பிறகு ராத்திரி மாத்திரை எது எது, எந்த நேரம், விரிப்பு எங்கே இருக்கிறது, அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்குவாள், எல்லாம் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். குளிப்பாட்டி உடை மாற்ற மட்டும் ராசம்மா வருவாள், பேசிவிட்டேன் என்றார்.

கோபமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கோபம் என்று சொல்லிவிட்டால் போக முடியாதே.

ஜனவரி 28, புதன்

பை கட்டினேன். எலுமிச்சம்பழம் இருபது, வாந்திக்குப் பாலித்தீன் பை, தலைவலி மாத்திரை, ஊக்கு, நாப்கின், சம்மதக் கடிதம் நாற்பத்தாறு. என் சேலை மூன்று.

ஜனவரி 29, வியாழன். தஞ்சாவூர்

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். விருதுநகர் தாண்டுவதற்குள் நான்கு வாந்தி. எலுமிச்சம்பழம் மதுரையோடு தீர்ந்தது. பிள்ளைகள் பாடினார்கள், தொண்டை கட்டியது, கட்டிய தொண்டையோடு பாடினார்கள். விளையாட்டு டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

பெரிய கோவிலில் எண்ணிக்கை எடுத்தேன். நாற்பத்தாறு. வெளியே வந்து எடுத்தேன், நாற்பத்தேழு. வேறு பள்ளிப் பிள்ளை ஒன்று கலந்து நிற்கிறது, அதற்கே தெரியவில்லை. ஷர்மிளா அதைக் கூட்டிக்கொண்டு போய் அதன் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இவள் இவ்வளவு சத்தமாகப் பேசுவாள் என்று இன்றுதான் தெரிந்தது.

கோபுரத்தைக் காட்டிக் கணக்குச் சொன்னேன். உச்சியில் இருக்கிற கல்லை ஏற்ற எவ்வளவு தூரத்துக்குச் சாரம் போட்டிருப்பார்கள், சரிவு எத்தனை டிகிரி இருக்கும் என்று. யாரும் கேட்கவில்லை. முத்துக்கனி மட்டும் பக்கத்தில் நின்றாள்.

“டீச்சர், எல்லா வருஷமும் வாரீங்களே, சலிக்காதா?”

“சலிக்காது” என்றேன். வழக்கமாக, என்ன செய்ய என் தலையெழுத்து என்று சொல்வேன். இந்தத் தடவை யாரிடமும் அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதுவே பாதி பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். மதினி என்றால் பத்து நிமிஷம் புலம்பலாவது இருக்கும். அவர், “நல்லா இருக்கா. வை” என்றார்.

ஜனவரி 30, வெள்ளி. திருச்சி

எட்டு மணி நேரம் தூங்கினேன். பக்கத்தில் யாரோ இருமினால்கூட எழவில்லை. வீட்டில் நான் தூங்குவது காதைத் திறந்துவைத்துக்கொண்டு. ஆவுடை மூச்சு மாறினால் தெரிய வேண்டும். இங்கே நாற்பத்தாறு பேர் மூச்சு விடுகிறார்கள், எனக்கு ஒன்றுமில்லை. இதை எழுதும்போது குற்றமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூங்கி எழுந்த குற்றம், தூங்காத குற்றத்தைவிடத் தாங்கிக்கொள்ள முடிகிறது.

கல்லணையில் அரை மணி நேரம். தண்ணீர் பக்கம் ஒருத்தியையும் விடவில்லை. ஐஸ் வண்டியைத் தடுக்க முடியவில்லை.

மதியம் கோளரங்கம். சாய்ந்து உட்காரும் நாற்காலி, இருட்டு, குளிர். நட்சத்திரம் வருவதற்குள் தூங்கிவிடுவேன், ஆறு தடவை பார்த்தும் வடக்கு வானத்தைத் தாண்டியதில்லை. இன்று தூக்கம் வரவில்லை, முழுக்கப் பார்த்தேன். சனி கிரகம் வளையத்தோடு தலைக்கு மேல் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஓ என்றார்கள். நானும் ஓ என்றேன். வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெளியே வந்ததும் முத்துக்கனி கேட்டாள், “உங்க மகளைக் கூட்டிட்டு வந்தா பார்ப்பாங்களா டீச்சர்?”

“இருட்டுன்னா அவளுக்குப் பயம்” என்றேன். அது உண்மை. அவள் இல்லாமல் இருக்கத்தான் வந்தேன் என்பதும் உண்மை. அதைப் பிள்ளையிடம் சொல்ல முடியாது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்தார். பின்னால் ஆவுடை அழுகிற சத்தம். “ஒண்ணுமில்ல, பாத்துக்கிடுதேன். நீ பிள்ளைகளைப் பாரு” என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 31, சனி

ஏழு மணிக்கு ஊர் வந்தோம். நாற்பத்தாறு பேரையும் வீட்டு ஆட்களிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தோம். முத்துக்கனி அப்பா சைக்கிளோடு நின்றார். மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “முழுசா வந்துட்டா” என்றார். ஷர்மிளாவின் மாமியார் ஆட்டோவில் வந்திருந்தார். ஷர்மிளா இறங்கியதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, அலைச்சல் தாங்கவில்லை என்று முனகினாள். நல்ல நடிப்பு. அது யாரிடம் படித்தது என்று தெரியும்.

வீடு சுத்தமாக இருந்தது. ஆவுடை ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு அவர் மடியில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லா வருஷமும் இரண்டு நாள் இப்படித்தான். அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது. மூன்று நாள் தாடி.

“தூங்கவே இல்லையா?”

“நீ எப்பவும் இப்படித்தானே இருக்கே” என்றார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

துணி துவைத்தேன். பதினோரு விரிப்பு.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் இந்த டைரி இருந்தும் பிரயோஜனமில்லை.

பள்ளியிலிருந்து வந்து ஆவுடைக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கோபம் தீர்ந்து என் பக்கம் திரும்பியிருந்தாள். அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“வடிவு, ரெண்டு மூணு நாளு நான் எங்கயாச்சும் போயிட்டு வரட்டா?”

“எங்க?”

“தூத்துக்குடி.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. யாரையும் பாக்கவும் இல்ல. ஒரு ரூம் போட்டுப் படுத்துக் கிடப்பேன். ஜன்னல்ல கடல் தெரிஞ்சா நல்லது. தெரியலன்னாலும் சரிதான்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கஞ்சிக் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன்.

“இவளை இப்படி விட்டுட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வருது?”

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. ஆவுடை சத்தத்துக்குப் பயந்து என் கையைப் பிடித்தாள். அவர், உனக்கு எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம். அந்த ஒன்பது சீட்டை ஞாபகப்படுத்தியிருக்கலாம். கேட்க அவருக்குத்தான் முழு உரிமையும் உண்டு. அவர் குனிந்து, ஆவுடையின் மோவாயில் வழிந்த கஞ்சியைத் துண்டால் துடைத்தார். “சரி, விடு” என்று எழுந்து போனார்.

இந்த ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்றுதான் ஆறு வருஷம் கள்ளச் சீட்டு எழுதினேன். அவர் கேட்கவே இல்லை. நான் கேட்டுவிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். மில்லை விட்ட பிறகு அவர் எங்கே போயிருக்கிறார்? ரேஷன் கடை. மருந்துக் கடை. அன்று ஒரு நாள் என் பள்ளிக்கூடம், அதுவும் எனக்காக. எனக்குத் தினமும் எட்டரை மணிக்குக் கிளம்ப ஒரு வாசல் இருக்கிறது. பிரேயர் இருக்கிறது, பாக்கியத்தாயின் முழங்கால் இருக்கிறது, சிரிக்க ஏதாவது இருக்கிறது. அவருக்குச் சீட்டுக் குலுக்கவும் ஆள் கிடையாது. அவருக்கும் களைப்பாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

பிப்ரவரி 4, புதன்

வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘கணவர் வெளியூர்ப் பயணம்’ என்று எழுதினேன். எச்.எம். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அவரிடம், “வெள்ளி, சனி, ஞாயிறு” என்றேன். “போயிட்டு வாங்க.”

“மூணு நாளு எதுக்கு? ரெண்டு போதும்.”

“மூணு.”

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

பிப்ரவரி 5, வியாழன்

அவருக்கு இரண்டு சட்டை, இரண்டு வேட்டி தேய்த்து வைத்தேன். தாடியை எடுத்துவிட்டு வந்தார். ஐந்து வயது குறைந்த மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆறு நாற்பது பஸ்ஸுக்குப் புறப்பட்டார். ஆவுடை தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுவிட்டு, எழுந்துவிடப் போகிறாள் என்று கையை எடுத்துக்கொண்டார். “போயிட்டு வாரேன்” என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் வாசலில் நின்றேன். தெருமுனை வரை நேராக நடந்தார். கால் வேகமாகப் போனது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை. முனை திரும்பி மறைந்துவிட்டார்.

ஏழு தடவை போனதில் நானும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் போக முடியாது.